மலைக் கிராமத்தில் ஏழு நாள் முகாம்: இளந்தொண்டர் குழுவை வழிநடத்தும் முறை

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் ஒரு கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் உயிர் அந்த ஏழு நாளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வாரந்தோறும் வளாகத்தைப் பெருக்கிக் கூட்டுவதில் கிடைக்காத ஒன்று, ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஓர் ஊரின் மண்ணைக் கையால் அள்ளும்போது பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடுகிறது.

திட்ட அலுவலராக இருந்த ஆண்டுகளில் சில முறை கொல்லிமலையில் முகாம் நடத்தினேன். நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளையே ‘நாடு’ எனப் பெயரிட்டு அழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை அது. அங்கே நான் கற்றதை, முதன்முறையாக மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லவிருக்கும் திட்ட அலுவலர்களுக்காகவும், குழுத் தலைமையை ஏற்கும் மூத்த மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஊர் கேட்ட ஒரு வேலையை எடுத்து, அதை முழுதாக முடித்து, அழைத்துப் போன பிள்ளைகள் அத்தனை பேரையும் நலமாக வீடு சேர்ப்பதே முகாம் தலைவரின் வேலை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஊரிடம் கேளுங்கள்

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே குறைந்தது இரண்டு முறை ஊருக்குச் சென்று வாருங்கள். முதல் முறை ஊராட்சித் தலைவர், ஊர்க்கவுண்டர், பள்ளித் தலைமையாசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரைப் பாருங்கள். இரண்டாம் முறை ஓர் இரவு அங்கேயே தங்கி, விடியற்காலையில் பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடத்திற்குப் போய் நில்லுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து “உங்கள் ஊருக்கு என்ன தேவை?” என்று கேட்டால், எழுதித் தரக்கூடிய பதில்தான் வரும். குடத்துடன் நிற்பவர்களோடு பேசினால் அன்றாடம் உறுத்தும் குறை எதுவென்று தெரியும்.

என் முதல் மலை முகாமுக்கு இருநூறு மரக்கன்றுகள் நடும் திட்டத்தோடு போயிருந்தேன். ஊரார் மறுக்கவில்லை, விருந்தினர் சொன்னதற்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மறுநாள் காலை ஊற்றடியில் ஒரு பெண்மணி, “கன்னு வையுங்க சாமி, நல்லதுதான். வைகாசி வரைக்கும் அதுக்கு யாரு தண்ணி ஊத்துறது? எங்களுக்கே இந்த ஊத்துதான்,” என்று சொல்லி, வண்டல் மூடிக் கிடந்த ஊற்றுக்குழியைக் காட்டினார். அந்த ஒரு பேச்சில் என் திட்டம் மாறியது. நம் சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் மார்கழி முதல் மாசிக்குள் நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நடும் கன்று, வேர் பிடிக்கும் முன்பே கோடையைச் சந்திக்கிறது. பொறுப்பேற்று நீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்தில் அந்த மாதங்களில் கன்று நடுவதை நான் இப்போது ஆதரிப்பதில்லை. படத்திற்கு அழகாக இருக்கும். சித்திரையில் போய்ப் பார்த்தால் குச்சிதான் நிற்கும்.

ஐம்பது பிள்ளைகள் ஏழு நாளில் செய்து முடிக்கத்தக்க வேலைகள் மலையில் நிறையவே உள்ளன: ஊற்றுக்குழியைத் தூர்வாருதல், வாய்க்காலைச் சீர்செய்தல், சரிந்த கல்வரப்பை மீண்டும் அடுக்குதல், பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தல், அருவிக்குச் செல்லும் படிகளில் சேர்ந்த நெகிழிக் குப்பையை அகற்றுதல். இவற்றில் ஒன்றை எடுங்கள், மிஞ்சினால் இரண்டு. ஏழு நாளுக்கு ஏழு வேலை என்று அட்டவணை போட்டால் ஏழும் அரைகுறையாக நிற்கும். நெகிழி பொறுக்கும் வேலையை எடுத்தால் அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருந்தும், சுற்றுலாப் பயணியர் வரும் இடங்களில் அவை குவிந்தே கிடக்கின்றன. மூட்டை கட்டி ஊர் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தால் ஒரே காற்றில் பழையபடி பரவிவிடும். எரித்தால் நஞ்சுப் புகை. மூட்டைகள் உங்கள் வாகனத்திலேயே அடிவாரத்திற்கு இறங்கட்டும்.

காட்டை ஒட்டிய எந்த வேலைக்கும் வனத்துறையின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கோயில் காடுகளின் எல்லையை ஊராரையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சுள்ளி பொறுக்குவதும் தவறாகக் கருதப்படலாம். செருப்புடன் நுழைவது கட்டாயம் மனத்தைப் புண்படுத்தும். பள்ளிக் கட்டடத்தில் தங்குவதாயின் அரையாண்டு விடுமுறை நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மலைப் பிள்ளைகளின் பாட வேளையைப் பறித்துக்கொண்டு அவர்களுக்கே கல்வி விழிப்புணர்வு நாடகம் போடுவது சரியாகாது.

மலை ஏறும் முன்

ஒவ்வொரு மாணவரிடமும் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தோடு, உடல்நலக் குறிப்பு ஒன்றையும் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, நாள்தோறும் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைத் தனியே, யார் காதிலும் விழாதபடி கேட்டறியுங்கள். வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் “யாருக்காவது வலிப்பு உண்டா?” என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இன்ஹேலரைத் தன்னிடம் ஒன்றும் உங்களிடம் ஒன்றுமாக இரண்டு எடுத்துவரட்டும். மலையின் விடியற்காலைக் குளிரும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் அது தேவைப்படும்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் குறையும். சமவெளியில் மின்விசிறி இல்லாமல் தூங்காத பிள்ளைகள், ஒரு மெல்லிய போர்வையோடு வந்து மார்கழி இரவில் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். கம்பளி அல்லது தடித்த போர்வை, காதை மூடும் துண்டு, கால் முழுதும் மூடும் காலணி, இரண்டு இணை காலுறை, முழுக்கை உடை, டார்ச் விளக்கு, தட்டு, டம்ளர் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். புறப்படும் முந்தின நாள் மாலை ஒவ்வொரு பையையும் திறந்து பாருங்கள். போர்வை இல்லாத பிள்ளை, வாங்க வசதி இல்லாத பிள்ளையாகவும் இருக்கக்கூடும். கல்லூரியிலிருந்து பத்துப் போர்வைகளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முதல் நாளின் பாதி சோர்வு அந்தச் சாலையில்தான் வருகிறது. காலையில் இட்லி போன்ற எளிய உணவைக் கொடுத்து, ஏறத் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்கச் செய்யுங்கள். குமட்டல் வரக்கூடியவர்களை முன் இருக்கைகளில் அமர்த்துங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் தொலைவில் சாலையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி என்றாலும், அதை நம்பி ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். மலைச்சாலை பழகிய ஓட்டுநரையே அமர்த்துங்கள். இருட்டுவதற்கு வெகு முன்பே ஊர் போய்ச் சேருங்கள்.

பத்துப் பேருக்கு ஒரு தலைவர்

ஐம்பது பேரை ஒருவர் வழிநடத்த முடியாது. பத்துப் பேரை ஒருவர் வழிநடத்தலாம். ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். எங்கள் பிள்ளைகள் சாமை, தினை, வரகு, கேழ்வரகு, கம்பு என்று குழுக்களுக்குத் தானியப் பெயர் சூட்டினார்கள். முதல் நாள் பெயருக்காக மட்டும் அறிந்திருந்த தானியத்தை ஏழாம் நாள் பார்த்தே அடையாளம் கண்டார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

குழுவைப் பிரிக்கும்போது நண்பர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். ஆனால் ஒருவரையும் முற்றிலும் அறிமுகமில்லாதவர்களிடையே தனித்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்கட்டும். மண்வெட்டி பிடிக்கவும் விறகடுப்பு மூட்டவும் தெரிந்த அவர்கள், வகுப்பறையில் பின்வரிசையில் அமைதியாக இருப்பவர்களாக இருக்கலாம். களத்தில் மற்றவர்களுக்கு ஆசிரியர் ஆகிவிடுவார்கள். குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் நன்றாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்குத் தண்ணீர் வந்ததா என்று தானாகவே பார்ப்பவர் யாரென்று கவனித்து, அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். மாணவிகள் உள்ள முகாமில் ஆசிரியை ஒருவர் ஏழு நாளும் இரவும் பகலும் உடனிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து குழுத் தலைவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

சமையல், தண்ணீரும் விறகும், துப்புரவு, களப்பணி, மாலை நிகழ்ச்சி என்னும் பொறுப்புகள் நாள்தோறும் சுழலட்டும். சமையல் பெண்களுக்கும் கடப்பாரை ஆண்களுக்கும் என்று ஒதுக்காதீர்கள். ஐந்து குழுத் தலைவர்களோடு இரவு ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் உட்காருங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் சரியாகச் சாப்பிடவில்லை, நாளை என்ன வேலை, கருவிகள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்னும் நான்கு கேள்விகள் போதும். அந்தக் கூட்டத்தை எத்தனை சோர்வாக இருந்தாலும் ஒரு நாளும் விடாதீர்கள். பகல் முழுதும் நீங்கள் காணாத முகாம் அந்த இருபது நிமிடத்தில் கண்முன் வந்துவிடும்.

ஒரு பிள்ளையைக் கண்டிக்க வேண்டி வந்தால் தனியே அழைத்துக் கண்டியுங்கள். பாராட்டை எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். அதையும் “நன்றாகச் செய்தாய்” என்று பொதுப்படச் சொல்லாமல், “அந்தப் பெரிய கல்லை மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயே, அதனால்தான் வரப்பு நின்றது” என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.

தண்ணீரும் அடுப்பும்

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஐம்பது பேருக்கு 200 லிட்டர். மலை ஊற்றுநீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே கொடுங்கள். நன்கு கொப்பளித்துக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் போதும். முதல் நாள் இரவே மறுநாளுக்கான நீரைக் காய்ச்சி ஆறவைத்து மூடிவிட வேண்டும். குளிராக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. களத்தில் மணிக்கு ஒருமுறை குழுத் தலைவர் எல்லாரையும் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். இதை அவரவர் போக்கிற்கு விட்டால் இரண்டாம் நாள் மாலையே தலைவலி என்று ஐந்தாறு பேர் படுத்துவிடுவார்கள்.

அரிசி, ஒரு வேளைக்கு ஐம்பது இளைஞர்களுக்கு எட்டுக் கிலோ வேண்டியிருக்கும். வீட்டுக் கணக்கை வைத்து ஆறு கிலோ போட்டால் கடைசிப் பந்திக்குச் சோறு இராது. 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சமவெளியைவிட நேரம் பிடிக்கும். துவரம்பருப்பை இரண்டு மணி நேரமாவது ஊறவையுங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். முதல் பந்தியில் நீங்கள் உட்காராமல் பரிமாறுங்கள். யார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், யார் குழம்பை வேண்டாம் என்கிறார் என்பது பரிமாறுபவருக்குத்தான் தெரியும். காய்ச்சலும் வீட்டு நினைவும் முதலில் தட்டில்தான் தென்படும்.

கழிப்பறை இருபது பேருக்கு ஒன்றாவது வேண்டும். மாணவிகளின் கழிப்பறை அவர்கள் தங்கும் கட்டடத்தை ஒட்டி, இரவெல்லாம் விளக்கு எரியும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே மூடி போட்ட வாளியும் பழைய செய்தித்தாளும் இருக்கட்டும். ஒரு பெண் இன்று களத்துக்கு வரவில்லை என்றால் காரணம் கேட்காமல் இலகுவான வேலைக்கு மாற்றிவிடும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள்.

களத்தில்

காலை ஏழரை முதல் பத்தரை வரை, பிறகு சிற்றுணவுக்குப் பின் பன்னிரண்டரை வரை உடலுழைப்பு போதும். நாற்பத்தைந்து நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு என்று விசில் அடித்து நடத்துங்கள். பழக்கமில்லாத கைகள் முதல் மணி நேரத்தில் வேகமாக வெட்டி, இரண்டாம் மணியில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடும். தடித்த துணிக் கையுறை இருபது இணை வாங்கிக் கொள்ளுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் கழுவி, துணி சுற்றி, அந்தப் பிள்ளையை, மண் சுமக்கும் பாண்டுச் சட்டியைக் கைமாற்றும் வரிசைக்கு மாற்றுங்கள்.

ஊற்றைத் தூர்வாரிய வேலையைச் சற்றே விரித்துச் சொல்கிறேன். மற்ற வேலைகளுக்கும் அது பொருந்தும். குழியின் ஓரத்தில் இருந்த மூன்று அடிப் பாதையில் ஐம்பது பேர் நிற்க இடமில்லை. ஆகவே குழிக்குள் நான்கு பேர் மட்டும் இறங்கினார்கள். அவர்களை இருபது நிமிடத்திற்கு ஒருமுறை மாற்றினோம். மேலே இருபது பேர் ஒருவருக்கொருவர் எதிர்முகமாக, ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்று, வண்டல் நிறைந்த பாண்டைக் கைமாற்றினார்கள். காலி பாண்டு அடுத்த வரிசை வழியே திரும்பி வந்தது. இடுப்பை மட்டும் முறுக்கிக் கொடுத்தால் மாலையில் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால், பாதத்தோடு சேர்ந்து திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நின்றவர்கள் வண்டலைக் கீழ்த்தட்டு வயலில் கொட்டினார்கள். அது நல்ல எரு என்று ஊரார் முன்பே இடம் காட்டியிருந்தார்கள்.

மண்வெட்டியை ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவனை ஊர்ப் பெரியவர் ஒருவர் நிறுத்தினார். பின்னால் வந்து நின்று, அவன் இரு கைகளையும் பிடித்து, வலக்கையைப் பிடியில் கீழே நகர்த்தி, மண்வெட்டியைத் தோள் உயரத்திற்கு மட்டும் தூக்கி விட்டார். “அதோட எடையே வெட்டும் தம்பி. நீ தூக்கி விட்டா போதும்.” அடுத்த வெட்டில் தகடு பாதி அளவு மண்ணில் இறங்கியது. பையன் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வேலையை ஊராரே கற்றுக்கொடுக்கும்படி அமையுங்கள். அதற்காகவே நாளொன்றுக்கு ஊரிலிருந்து இரண்டு பேராவது உடன் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலி போவதால் அதை முகாம் செலவில் சேர்த்துவிடுங்கள். ஊற்றுக்கண் எது, அதற்கு மேல் எவ்வளவு ஆழம் தோண்டக்கூடாது என்பதும் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் கண்ணைக் குத்திவிட்டால் நீர் வேறு வழியில் போய்விடக்கூடும்.

களத்தைவிட்டுக் கிளம்பும்போது கருவிகளை எண்ணுங்கள். ஊராரிடம் இரவல் வாங்கிய அரிவாள் ஒன்று தொலைந்தால், நீங்கள் வெட்டிய வாய்க்காலைவிட அதுதான் நெடுநாள் நினைவில் நிற்கும்.

எண்ணிக்கை

காலை எழுந்ததும், களத்துக்குப் புறப்படும்போது, திரும்பும்போது, மாலை ஆறு மணிக்கு, படுக்கும் முன் என்று நாளில் ஐந்து முறை ஆட்களை எண்ணுங்கள். குழுத் தலைவர் பத்துப் பேரின் முகத்தையும் பார்த்து எண்ண வேண்டும். “எல்லாரும் இருக்கிறார்கள்” என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முகாமின் மூன்றாம் நாள் மாலை எண்ணிக்கை நாற்பத்தொன்பதில் நின்றது. மலையில் மாலை சட்டென்று இருட்டும். அன்று பனிமூட்டமும் இறங்கியிருந்தது. ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஊர் இளைஞர்கள் இருவரோடு டார்ச் எடுத்துக்கொண்டு ஏறினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால், காணாமற்போன மாணவன் அந்தப் பாறையின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது; மூட்டத்தில் பாதை தெரியவில்லை; இறங்கினால் வழுக்கும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் செய்தது சரி. தவறு என்னுடையது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஏழு நாள் வீட்டோடு பேசாமல் இருக்க மாட்டார்கள் என்பதை அறிந்தும், பேசுவதற்கு ஒரு நேரத்தை நான் ஒதுக்கவில்லை.

மறுநாள் முதல் மாலை நாலரைக்கு ஒவ்வொரு குழுவும் தலைவரோடு சேர்ந்து பாறைக்குப் போய், பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, சேர்ந்தே திரும்பியது. இருவர் இருவராக இணை சேர்த்து, ஒருவர் இல்லாமல் மற்றவர் எங்கும் போகக்கூடாது என்று வகுத்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில் கொடுத்தோம். வழி தவறினால் நடக்காதே, நின்ற இடத்திலேயே உட்கார், மூன்று முறை விசில் அடி, சற்றுப் பொறுத்து மீண்டும் அடி. இதை முதல் நாள் மாலையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்

நான் கண்ட எல்லா முகாம்களிலும் மூன்றாம் நாள்தான் தளர்ந்தது. உடம்பு வலிக்கிறது, உணவு சலிக்கிறது, குளியலுக்கு வெந்நீர் இல்லை, யாரோ யாரையோ ஏதோ சொல்லிவிட்டார்கள். இதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டு கடிந்துகொள்ளாதீர்கள். நான்காம் நாள் காலை உடலுழைப்பை நிறுத்திவிட்டுக் குழு குழுவாக வீடுகளுக்கு அனுப்புங்கள். ஒரு வீட்டில் சாமையை உரலில் இட்டுக் குத்திப் பார்க்கட்டும். சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு பெண்களின் தோளில் விழுந்ததும், அந்தப் பயிர்கள் மலையில் குறைந்து மரவள்ளி பெருகியதற்கு ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் உமி நீக்கும் இயந்திரங்களுக்கும் இடம் கொடுத்தது இதனால்தான். அரை மணி நேரம் உலக்கை பிடித்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அன்று பிற்பகல் துணி துவைக்கவும் உறங்கவும் விட்டுவிடுங்கள். ஐந்தாம் நாள் வேலை, முதல் இரண்டு நாளும் சேர்ந்ததைவிடக் கூடுதலாக நடக்கும்.

ஊருக்குள்

வீடுகளையோ குழந்தைகளையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பழைய துணி, மிட்டாய் ஆகியவற்றை வீதியில் நின்று கொடுக்கக் கூடாது. கணக்கெடுப்புப் படிவத்தோடு வாசலில் நின்று முதல் கேள்வியாக வருமானத்தைக் கேட்கக் கூடாது. திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தால் குடித்து, பயிரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் படிவம் தானாகவே நிரம்பும். “இவர்களுக்கு எதுவும் தெரியாது” என்ற எண்ணம் மாலை நாடகத்தின் வசனத்தில்கூடத் தலைகாட்டாமல் பாருங்கள். ஒத்திகையை நீங்களே அமர்ந்து பார்த்து அத்தகைய வரிகளை நீக்குங்கள். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்குமேல் வைப்பது சட்டப்படியும் தவறு. விடியலில் எழுந்து காட்டுக்குப் போகும் ஊரில் ஒன்பதுக்கே முடித்துவிடுவது நாகரிகம்.

பாம்பும் காய்ச்சலும்

அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே பாம்புக்கடிக்கான மருந்து இருப்பில் உள்ளதா, 108 வண்டி ஊருக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பயணத்திலேயே நேரில் கேட்டறியுங்கள். முகாம் முடியும்வரை ஒரு வண்டியும் ஓட்டுநரும் ஊரிலேயே இருக்க வேண்டும். செலவைப் பார்த்து இதைக் குறைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தரையில் உறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் சிலசமயம் வலியோ வீக்கமோ இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்றோ, இமை தூக்க முடியவில்லை என்றோ ஒரு பிள்ளை சொன்னால், அசீரணம் என்று ஓமவாட்டர் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் பற்றி முகாம் நடத்துவோர் பலர் அறிந்திருப்பதில்லை. புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது அது. நம் பகுதியில் குளிர்மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஓய்வு நேரத்தில் புல்தரையில் படுக்கவோ, கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடவோ விடாதீர்கள். களத்திலிருந்து திரும்பியதும் சோப்பு போட்டுக் குளித்து உடை மாற்றட்டும். கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் தொடங்குவதால் முகாமில் எதுவும் தெரியாது. பிள்ளை வீட்டில் இருக்கும்போதுதான் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை படியும் இடம் ஆகியவற்றில் தீச்சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கலாம். வலிக்காததால் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. டாக்சிசைக்ளின் என்னும் எளிய மாத்திரைக்குக் கட்டுப்படும் இந்த நோய், காலம் தாழ்த்தினால் உயிரையும் வாங்கும்.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

ஆறாம் நாள் மாலைக்குள் களவேலை முடிந்துவிட வேண்டும். ஏழாம் நாள் காலையில் ஊராரோடு வேலை நடந்த இடத்திற்குப் போய், ஊற்றுக்குழியின் கற்கட்டு எங்கே உறுதியாக இல்லை, வாய்க்காலில் அடுத்த மழைக்கு முன் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்ந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு யார் தூர்வாருவது என்பதை ஊர் தன் வாயால் சொல்லட்டும். நிறைவு விழா மேடையில் ஊராரின் பெயர்களை, குறிப்பாகக் கற்றுக்கொடுத்த பெரியவர்களின் பெயர்களை, மாணவர்களே வாசிக்கட்டும். தங்கிய கட்டடத்தை வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாகக் கழுவி, அடுப்புக் கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, கடைசி முறையாக எண்ணி வண்டி ஏற்றுங்கள்.

வீடு திரும்பிய பத்தாம் நாளும் இருபதாம் நாளும் குழுத் தலைவர்கள் தங்கள் பத்துப் பேரையும் கைப்பேசியில் அழைத்துக் காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால், “மலையில் முகாமுக்குப் போய்வந்தேன்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்தச் சோதனையைச் செய்வது என்பதை அந்த ஒரு செய்தி முடிவு செய்யும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, குழுத் தலைவர்கள் ஐந்து பேரையாவது அழைத்துக்கொண்டு ஒருநாள் மலையேறி, ஊற்றில் நீர் எந்தக் கல் வரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.